சோதனைக்கு ஏற்ற ரத்தம்

மனிதன் பொய் சொல்வான். அவன் முகம் பொய் சொல்லும். அவன் போட்டிருக்கும் சட்டைகூடப் பொய் சொல்லும். ரத்தம் மட்டும் எந்தக் காலத்திலும் பொய் சொல்லாது. இந்தப் பேருண்மையைச் சேர்மன், ரத்தப் பரிசோதனை நிலையத்தின் காத்திருப்பு அறையில், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியபடி, அங்கே வெறும் வயிற்றோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அறிவித்தார். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லாத அந்த ரத்தத்தைத் தயார் செய்ய அவருக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தப் பேச்சை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள்.

சேர்மன் என்பது அவர் பெயர் அல்ல, பதவியும் அல்ல. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவர். தலைவர் என்று சொன்னால் வாசலில் இருக்கும் காவலாளிகூட எழுந்து நிற்பதில்லை என்பதால், கதவில் 'சேர்மன்' என்று பலகை மாட்டிக்கொண்டார். பலகையைப் பார்த்துக் கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தவர்களுக்கு நாளடைவில் கிண்டல் மறந்துபோனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதற்கு முன் அவர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். வெளியிலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்றால், அவர் எந்த டின்னை எடுத்துத் திறக்கப் போகிறார் என்பது ஆய்வாளருக்கே தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரியும். அந்த டின் தனியாகக் கலக்கப்பட்டு, கைக்கு எட்டும் உயரத்தில், கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு காத்திருக்கும். "டின்னை நாம குடுக்கக் கூடாது, அவரா எடுத்த மாதிரி இருக்கணும். அதுதான் தொழில்" என்பார். வேலை பார்த்த காலம் முழுவதும் அவருடைய பிரிவில் ஒரு டின்கூடத் தோற்றதில்லை. வெளியே சுவர்களில் பெயிண்ட் உரிந்ததெல்லாம் வேறு துறை.

எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. வாயு என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டத்தை நடத்தி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். இதய மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அடைப்பைத் திறந்துட்டோம் சார். ஆனா லேட்டா வந்தீங்க. தசையில ஒரு பகுதி போயிடுச்சு. இனிமே அது சோர்வான பம்ப். மாத்திரை, நடை, உப்பைக் குறைக்கிறது, இதுதான் வழி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துட்டு வாங்க."

என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். கொழுப்பு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, சிறுநீரகம், ரத்தத்தில் இருக்கும் உப்புகள், கடைசியாக பி.என்.பி. என்று ஒன்று. "இதயம் திணறுச்சுன்னா ரத்தத்துல ஒரு பொருள் கூடும். அதை அளக்கிற டெஸ்ட் இது. மத்ததெல்லாம் விட்டாலும் இதை விடாதீங்க."

சேர்மன் முதலில் விட்டது அதைத்தான்.

கொழுப்பை ஒரு வாரம் பட்டினி போட்டால் கொஞ்சமாவது இறக்கிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. வெறும் வயிற்றுச் சர்க்கரையை முந்தின நாள் அடக்கத்தால் வெல்லலாம். ஆனால் மூன்று மாதச் சராசரி என்பதை அவர் நியாயமற்ற சோதனை என்றே கருதினார். முன்னறிவிப்பில்லாமல் கிடங்குக்குள் நுழைகிற ஆய்வாளன் மாதிரி. பி.என்.பி. அதைவிட மோசம். அதற்கு எப்படித் தயாராவது என்று யாரைக் கேட்டும் தெரியவில்லை.

"எவ்வளவு வரும்னு தெரியாத பரீட்சைக்கு எவனாவது போய் உக்காருவானா?" என்று மனைவியைக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாததாலதானேங்க எடுக்கச் சொல்றாங்க."

"இந்தா பாரு, தரக் கட்டுப்பாடு உனக்குப் புரியாது."

பரிசோதனை நிலையத்தின் சுவரில் வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம், வைரத் திட்டம் என்று மூன்று பலகைகள் தொங்கின. சேர்மன் அண்ணாந்து பார்த்து வைரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதில் நூறுக்குப் பக்கம் சோதனைகள். வைட்டமின்கள் எழுத்து வரிசைப்படி இருந்தன, எலும்பு இருந்தது, தைராய்டு இருந்தது, இதுவரை யாரும் கேள்விப்படாத உலோகங்கள் இருந்தன. கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றும் இருந்தது. அதிலும் அவர் நல்லபடியாகத் தேறினார். சர்க்கரைச் சராசரியும் பி.என்.பி.யும் மட்டும் இல்லை.

முடிவுகள் வழவழப்பான தாளில், அட்டை போட்டு வந்தன. பக்கத்துக்குப் பக்கம் பச்சை நிறம். சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் விவகாரத்துக்கும் குப்பைத் தொட்டி விவகாரத்துக்கும் நடுவே அவற்றை வாசித்துக் காட்டினார். 'மாங்கனீஸ், இயல்பு' என்றபோது இரண்டாவது மாடிக்காரர் கைதட்டினார்.

மருத்துவர் அட்டையை முன்னும் பின்னும் புரட்டினாள். "நான் எழுதினது எங்க சார்?"

"நீங்க எழுதினதைவிடப் பத்து மடங்கு இருக்கு டாக்டர்."

"அதுதான் தெரியுதே. நான் எழுதினது எங்கன்னு கேக்கறேன்."

"உக்கார்ந்துட்டேதான் தூங்கறார் டாக்டர்," என்றாள் மனைவி, இந்த ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள். "படுத்தா மூச்சு முட்டுது. கால் வீங்குது. சாக்ஸ் கழட்டினா பள்ளம் விழுந்திருக்கு."

"அது தியானம்," என்றார் சேர்மன். "முதுகெலும்பு நேரா இருக்கணும்."

மருத்துவர் குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். அன்று கால் மெலிந்து, எலும்பு தெரிய, சொன்னபேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது. பத்து நாளைக்கு முன் இதே காலில் மனைவியின் கட்டைவிரல் புதைந்திருக்கிறது. இன்றைக்கு எங்கே போயிற்று? வாசலில் காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். மருத்துவர் அதே சீட்டை மறுபடி எழுதி, கடைசி வரியின் கீழ் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தாள்.

சேர்மன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் கோப்பில் 'பரிசீலனையில்' என்ற பிரிவில் சேர்த்துவிட்டு அலமாரியைப் பூட்டினார்.

அதன்பிறகு அவள் செய்யாததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்; மருத்துவருக்கு இணைக்கிறோம் என்று சொல்லிப் பாட்டு போட்டார்கள், பாட்டு நன்றாக இருந்தது, யாரும் வரவில்லை. ஒரு மத்தியானம் தனியாகப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அடுத்த தடவை அவர் வந்து வைரம் கேப்பார்மா. அதோட இதையும் சேர்த்துடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அப்படியெல்லாம் சேர்க்க முடியாதுக்கா. டாக்டர் சீட்டு இருக்கா?"

"அதைப் பூட்டி வச்சிருக்கார்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டில் நகையைப் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். "அவரையே கேக்கச் சொல்லுங்கக்கா," என்றாள் பாவமாக.

கடைசியில் தம்பியைக் கூப்பிட்டாள். மீசையும் சத்தமும் உள்ள ஆள். எந்தப் பிரச்சினையையும் நேருக்கு நேர் பேசித் தீர்ப்பவன் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"விடுக்கா, நான் பாத்துக்கறேன். அத்தானை இன்னிக்கு ஒரு வழி பண்ணிடறேன்," என்று உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. அவள் சமையலறையில் ஒரு பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள். தம்பி வெளியே வந்தபோது அவன் கையில் அட்டை போட்ட அந்த முடிவுகள் இருந்தன.

"அக்கா, அத்தான் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"என்ன நியாயம்டா?"

"எனக்கு மாங்கனீஸ் எவ்வளவுன்னு எனக்கே தெரியாதேக்கா. நாளைக்குப் போய் நானும் வைரம் எடுத்துடப் போறேன்."

அன்று அவர் வழக்கம்போல மத்தியானத் தூக்கத்துக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தொட்டாள். தோல் பளபளவென்று, இழுத்துக் கட்டியது போல் இருந்தது. அழுத்தினாள், பள்ளம் விழுந்தது, எழும்பவே இல்லை. இன்னொரு விரலால் அழுத்தினாள். இந்த மனிதர் தன் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கிக்கொண்டிருக்கிறார், கரையில் நிற்பவர்கள் எல்லாம் கைதட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கத்தலாமா என்று பார்த்தாள். கத்தினால் விழித்துக்கொள்வார், விழித்தால் தியானம் கலைந்தது என்பார்.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். சோதனை வாரம் வந்தால் மட்டும் கால் வற்றுகிறது. சோதனை வாரத்தில் என்ன வித்தியாசம்? உப்பில்லாத ஓட்ஸ், உப்பில்லாத சூப், வேகவைத்த காய், எல்லா மாத்திரைகளும் தட்டில் வரிசையாக. எந்தக் கூட்டத்துக்கும் போகாமல் வீட்டோடு இருப்பார். மற்ற நாளில் ஊறுகாய் பாட்டிலை அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைக்காத குறை. அப்படியென்றால் உப்புதான். அந்த ஒரு வாரம் உப்பை நிறுத்துவதால்தான் டாக்டர் பார்க்கும் நேரத்தில் கால் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் டின் கதைகளைக் கேட்டவள் அவள். ஆய்வாளர் கைக்கு எந்த டின் போக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். டின்னை மாற்றி வைத்தால் போதும். அந்த வாரம் உப்பு உள்ளே போனால் கால் வீங்கியபடியே இருக்கும், டாக்டர் தொட்டுப் பார்ப்பாள், உடனே அந்தச் சோதனையை அவளே எடுக்க வைப்பாள். உப்பு அவருக்கு ஆகாது என்பதும் தெரியும். தெரிந்தேதான் முடிவெடுத்தாள். வேறு யாரிடமும் போய் நிற்க அவளுக்கு இடம் மிச்சமில்லை.

அடுத்த சோதனை வாரம் வந்தது. முதல் நாள் சூப்பில் ஒரு கரண்டி போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு போட்டாள், சொந்தச் சமையலறையில் திருடுகிறவள் மாதிரி.

சேர்மன் குடித்துவிட்டு உதட்டைச் சப்புக்கொட்டினார். "பார்த்தியா? உப்பே இல்லாம எவ்வளவு ருசி! நாக்கு பழகிடுச்சு. இதுதான் கட்டுப்பாடு."

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அந்த வாரம் பார்த்து லிஃப்ட் நின்றுபோனது. சங்கத் தலைவர் வீட்டில் உட்கார முடியுமா? ஒவ்வொரு சாயங்காலமும் கீழே கூட்டம். பழுது பார்க்க வந்தவனோடு ஒரு கூட்டம், வராதவனைக் கண்டித்து ஒரு கூட்டம். நான்காவது மாடியிலிருந்து இறங்குவார், பேசுவார், ஏறுவார். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பார். பூச்சின் தரத்தைப் பார்க்கிறார் என்று கூட வந்தவர்கள் நினைத்தார்கள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று காலை, மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரைத் தட்டாமல் அதன் மீதே சாய்ந்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். உதடு சாம்பல் நிறமாகியிருந்தது.

"என்னங்க!"

"ஆய்வு... படி ஆய்வு..." என்றார். அதற்கு மேல் காற்று இல்லை.

எதிர் வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்தார். கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த தம்பி ஓடிவந்து அத்தானை நாற்காலியோடு தூக்கினான். இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால், சேர்மன் நடுவில் உயரத்தில், ஊர்வலம் போவது போல் இறங்கினார். அவள் பின்னாலேயே ஒரு செருப்போடு ஓடினாள். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் அவர் வாயோரம் நுரை தெரிந்தது. ஆக்ஸிஜன் மூடியைப் பொருத்தினார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

தம்பியின் போன் மணியடித்தது; பரிசோதனை நிலையத்தில் அவன் நம்பரைத்தான் சேர்மன் கொடுத்திருந்தார். எடுத்துப் பார்த்தவன் முகம் மலர்ந்தான்.

"அத்தான்! உங்க முதல் ரிசல்ட் வந்துடுச்சு. வந்த வரைக்கும் எல்லாம் நார்மல்!"

சேர்மன் மூடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினார். அவளுக்கு அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது. ஜன்னல் திறக்கிற ரகமாக இல்லை.

அவசரப் பிரிவில் யாரும் அவரிடம் வெள்ளியா தங்கமா என்று கேட்கவில்லை. ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, குழாய் செருகி, பையை மாட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பி.என்.பி. முடிவு வந்தது. மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மடித்தாள்.

"எவ்வளவு டாக்டர்?" என்றாள் மனைவி.

"இருக்கக் கூடாத அளவு. நுரையீரல் பூரா தண்ணி."

அவளால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. "நான்தான் டாக்டர். ஒரு வாரமா உப்பு போட்டேன். நீங்க பார்க்கும்போது கால் வீங்கியிருக்கட்டும்னு போட்டேன். சொன்னா யாரும் நம்பல. நான்தான் இவரை இப்படிப் பண்ணிட்டேன்."

படுக்கையில் இருந்த சேர்மனின் கண்கள் பெரிதாயின. மூச்சுத் திணறலுக்கு நடுவிலும், தம் சோதனைப் பொருளில் கலப்படம் நடந்திருக்கிறது என்ற அதிர்ச்சி அந்தக் கண்களில் தெரிந்தது.

மருத்துவர் அவளைப் பார்த்தாள். "தப்பு பண்ணிட்டீங்க. இனிமே கனவுல கூடச் செய்யாதீங்க. ஆனா இவ்வளவு தண்ணி ஒரு வார உப்புல மட்டும் சேராதும்மா. இது பல மாசத்து சேர்மானம்." கட்டிலின் பக்கம் திரும்பினாள். "சார், நீர் மாத்திரை ஒண்ணு குடுத்திருந்தேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தேங்கற தண்ணியை வெளிய தள்ற மாத்திரை. போட்டீங்களா?"

சேர்மன் தலையசைத்தார். போட்டேன்.

"தினமும்?"

தலையசைப்பு கொஞ்சம் சிறிதானது.

"நல்லா கேளுங்க. எனக்கு நிஜம் வேணும். மாத்திரை போட்டுமே இப்படி ஆயிருந்தா உங்க இதயம் கடைசிக் கட்டத்துக்கு வந்தாச்சுன்னு அர்த்தம், என்கிட்ட பெருசா ஒண்ணும் மிச்சமில்லை. போடாம இப்படி ஆயிருந்தா இன்னும் நிறைய வழி இருக்கு. எது?"

சேர்மன் கூரையைப் பார்த்தார். கூரையின் பூச்சு தரமாக இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது, ஆனால் நெடுநேரம் பார்த்தார்.

மருத்துவர் மனைவியிடம் கேட்டாள். "வீட்டுல அடிக்கடி பாத்ரூம் போவாரா?"

"சோதனை வாரத்துல மட்டும்தான் போவார்," என்றாள் அவள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது.

தன் புருஷன் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு பெண்டாட்டி இப்படி வேண்டிக்கொண்டது அந்த வார்டில் அதற்கு முன் நடந்திருக்காது. அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"போடலைதானே? போடலைன்னு சொல்லுங்க. உங்களைச் சாமியா நினைச்சுக் கேக்கறேன், போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்."

சேர்மன் மூடியைக் கையால் கொஞ்சம் தூக்கினார். "கொள்கை ரீதியா... பக்க விளைவுகளை... ஆராய்ஞ்சு..."

"கொள்கையைத் தூக்கிக் குப்பையில போடுங்க!" அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். "நீங்க போயிட்டா நான் யாரைப் போய்க் கேப்பேன்? போட்டீங்களா, போடலையா?"

"போடலை," என்றார் சேர்மன்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தம்பிக்குத் தெரியவில்லை. அவன் ரிசல்ட் வந்த போனை ஜேபியில் போட்டுக்கொண்டான். மருத்துவர் நர்ஸைக் கூப்பிட்டு ஊசி மருந்தின் அளவை மாற்றச் சொன்னாள். "இன்னிக்குத் தாண்டணும். தாண்டிட்டா பார்த்துக்கலாம்," என்றாள். பிறகு நின்றாள். "ஏன் சார் போடலை? காரணம் தெரியாம திரும்பக் குடுத்தா திரும்ப நிறுத்துவீங்க."

சேர்மன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனைவிக்கு மட்டும் கேட்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். மருத்துவருக்கும் கேட்டது. நர்ஸுக்கும் கேட்டது. மாரடைப்புக்குப் பிறகு வீடு திரும்பியதும், நீர் மாத்திரை போட்டுக்கொண்டு போன வருடாந்திரக் கூட்டத்தில், நன்றியுரை முடிந்து ஆட்கள் எழுந்த பிறகும் அவர் மேசைக்குப் பின்னால் நின்று முக்கால் மணி நேரம் பேசியது, பேண்ட் காய்வதற்காக.